மேற்கே வீடு பார்க்கிறவர்கள்

பாடி மேம்பாலத்தைத் தாண்டி, சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையான சி.டி.எச். ரோட்டில் மேற்கே போனால் வீட்டு விளம்பரங்களில் ஊர்ப் பெயர்கள் நகர்ந்துகொண்டே வருவதைப் பார்க்கலாம். பாடியில் விற்கிறவர் "அண்ணா நகர் பக்கம்" என்கிறார். திருமுல்லைவாயிலில் விற்கிறவர் "அம்பத்தூர்" என்கிறார். பட்டாபிராமில் மனை போட்டவருக்கு அது "ஆவடி". நசரத்பேட்டையில் கட்டுகிறவருக்கு அது "பூந்தமல்லி". பூந்தமல்லியிலேயே கட்டுகிறவரோ "போரூரிலிருந்து பத்து நிமிடம்" என்று பேச்சைத் தொடங்குகிறார். ஒவ்வொரு ஊரும் தனக்குக் கிழக்கே இருக்கும் ஊரின் பெயரைக் கடன் வாங்கித்தான் விலை சொல்கிறது.

என் தங்கை குடும்பம் இந்தப் பக்கத்தில் ஒன்றரை வருடம் வீடு தேடியது. பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கூடப் போனேன். நாற்பதுக்கும் மேற்பட்ட வீடுகளையும் மனைகளையும் பார்த்தோம். பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று உறுதிப்பட்டது: மேற்குப் புறநகரில் விலை பெயரைப் பார்த்து ஏறுகிறது, வாழ்க்கை மண்ணைப் பார்த்து அமைகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை வாங்குகிறவர் தன் கடன் தவணையில் கட்டித் தீர்க்கிறார்.

ஊரைத் தேர்ந்தெடுப்பது பற்றிய பொருளியல் பேச்சு 1956-ல் சார்லஸ் டீபூ என்ற அமெரிக்கப் பொருளியலாளர் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து தொடங்கும். மக்கள் வாக்குச் சீட்டால் மட்டுமல்ல, காலாலும் வாக்களிக்கிறார்கள் என்பது அவர் வாதம். எந்த உள்ளாட்சி தான் வாங்கும் வரிக்கு நல்ல சாலையும் பள்ளியும் தண்ணீரும் தருகிறதோ அங்கே போய்க் குடியேறுவார்கள். அந்தப் போட்டியில் உள்ளாட்சிகள் சீர்படும். மேற்குச் சென்னை இந்த வாதத்தைச் சோதிக்கப் பொருத்தமான இடம். பதினைந்து கிலோமீட்டர் வட்டத்துக்குள் மூன்று விதமான உள்ளாட்சிகள் இருக்கின்றன. 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது அம்பத்தூர் நகராட்சி அதில் கரைந்து ஏழாவது மண்டலம் ஆயிற்று. ஆவடி வெளியே நின்றது. 2019-ல் தனி மாநகராட்சி ஆனது. பூந்தமல்லி நகராட்சியாகவே இருந்து வந்திருக்கிறது. அதையும் திருவேற்காட்டையும் திருநின்றவூரையும் ஆவடியோடு சேர்க்கலாம் என்ற பேச்சும் எழுந்தது.

ஆனால் வீடு தேடுகிறவர்களில் யாரும் "இது எந்த உள்ளாட்சி?" என்று முதலில் கேட்பதில்லை. பின்கோடு 600-ல் தொடங்குகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். அம்பத்தூர் 600053, ஆவடி 600054, பூந்தமல்லி 600056. அஞ்சல் துறையின் கணக்கில் எல்லாம் சென்னை. வருவாய்த் துறையின் கணக்கில் 2018-ல் அம்பத்தூர் வட்டம் சென்னை மாவட்டத்துக்கு வந்தது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கின்றன. காவல் துறையின் கணக்கு இதற்கு நேர் மாறு. 2022 ஜனவரியில் ஆவடிக்குத் தனி போலீஸ் கமிஷனரகம் வந்தபோது அம்பத்தூர் அதன் கீழ் போனது. ஆக அம்பத்தூர்க்காரர் குப்பை அள்ளவில்லை என்றால் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகையைப் பார்க்க வேண்டும், சங்கிலி பறிபோனால் ஆவடி கமிஷனரைப் பார்க்க வேண்டும்.

அரசே இந்த ஊர்களை எந்தத் தட்டில் வைத்திருக்கிறது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்ந்தபோது பழைய சென்னையில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 50 சதவீதமும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு 150 சதவீதமும் ஏற்றினார்கள். 2011-ல் சேர்ந்த பகுதிகளுக்கு அதே அளவுகளுக்கு 25 சதவீதமும் 100 சதவீதமும்தான். ஒரே மாநகராட்சிக்குள் இரண்டு சென்னை இருப்பதை வரி ஆணையே ஒப்புக்கொண்டது. வசதி குறைவு என்பதால் வரி குறைவு என்றால் அது நியாயம்தான். ஆனால் அந்தக் குறைவு வீட்டு விலையில் தெரிவதில்லை. "கார்ப்பரேஷன் லிமிட்" என்ற இரண்டு சொல்லைச் சொல்லி விற்பனையாளர் விலையை ஏற்றிவிடுகிறார்.

மூன்று ஊர்களின் பெயரும் வேறு வேறு வேரிலிருந்து வந்தவை.

அம்பத்தூரின் பெயர் தொழிற்சாலையால் வந்தது. 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், பிறகு டன்லப், பாடிப் பக்கம் டி.வி.எஸ். குழுமத்தின் ஆலைகள், 1964-ல் தொழிற்பேட்டை என்று ஊரே ஷிப்டு நேரத்துக்கு எழுந்து ஷிப்டு நேரத்துக்குப் படுத்தது. பேருந்து நிறுத்தங்களின் பெயர்களைக் கேட்டாலே வரலாறு தெரிந்துவிடும்: லூகாஸ், பிரிட்டானியா, வாவின், டன்லப், எஸ்டேட். டன்லப் ஆலை மூடிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. நிறுத்தம் இன்னும் டன்லப்தான். அந்தத் தொழிலாளர்கள் சைக்கிள் மிதித்துப் போகிற தூரத்தில் அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு என்று மனை வாங்கினார்கள். ஒரகடம், வெங்கடாபுரம், மேனாம்பேடு, கள்ளிக்குப்பம், கொரட்டூர் எல்லாம் அப்படி நிரம்பியவை. முதலில் ஓட்டு வீடு, பி.எஃப். கடனில் ஒரு தளம், மகன் வேலைக்குப் போனதும் மாடி. அந்தக் காலத்தில் "அம்பத்தூரா?" என்று கேட்டால் கேள்வியில் புகையும் இரும்பு வாடையும் இருக்கும். பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளையின் கம்பெனிப் பெயரைத்தான் கேட்டார்கள், தெருவின் பெயரை யாரும் கேட்கவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அதே தொழிற்பேட்டைக்குள் கண்ணாடி முகப்பு வைத்த ஐ.டி. வளாகங்கள் வந்தன. மதுரவாயலிலிருந்து புழல் வரையிலான சென்னை பைபாஸ் 2010-ல் திறந்ததும் எஸ்டேட்டிலிருந்து தாம்பரம் பக்கம் போவது எளிதாயிற்று. லேத் பட்டறை இருந்த தெருவில் பெண்கள் விடுதி வந்தது. தனி வீடுகள் இடிந்து நாலு வீடு, ஆறு வீடு என்று ஃப்ளாட் ஆயின. 2011 கணக்கெடுப்பில் அம்பத்தூரின் மக்கள்தொகை 4.66 லட்சம். ஆவடி ஏறக்குறைய 3.46 லட்சம். பூந்தமல்லி 57 ஆயிரம்தான். 2021-ல் நடந்திருக்க வேண்டிய அடுத்த கணக்கெடுப்பு அந்த வருடம் நடக்கவில்லை. இந்தப் பதினைந்து வருட வீக்கத்தை எண் இல்லாமல் கண்ணால்தான் அளக்கிறோம்.

ஆவடியின் பெயர் சர்க்கார் வேலையால் வந்தது. 1955 ஜனவரியில், காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, காங்கிரஸ் மாநாடு இங்கே கூடி சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆறு வருடத்தில், 1961-ல், கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. விஜயந்தா டாங்க் இங்கிருந்துதான் வெளியே வந்தது. படைத்துறை உடைத் தொழிற்சாலை, என்ஜின் தொழிற்சாலை, விமானப்படைத் தளம், மத்திய ரிசர்வ் போலீஸ், சிறப்புக் காவல் பட்டாலியன்கள் என்று ஊரைச் சுற்றிச் சுவர்களும் அவற்றுக்குள்ளே மரங்கள் அடர்ந்த குவார்ட்டர்ஸும் எழுந்தன. மாதம் பிறந்தால் சம்பளம், ஓய்வுக்குப் பிறகு பென்ஷன். குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறவர் கோவில்பதாகையிலோ அண்ணனூரிலோ பருத்திப்பட்டிலோ மனை வாங்கி வீடு கட்டினார். தமிழர், மலையாளி, தெலுங்கர், வடக்கிலிருந்து வந்த ஜவான் குடும்பம் எல்லாரும் ஒரே கடையில் அரிசி வாங்கினார்கள். இந்த ஊரின் விலை நெடுங்காலம் மெதுவாகவே நகர்ந்ததற்குக் காரணம் அதுதான்: வாங்கியவர்கள் குடியிருக்க வாங்கினார்கள். 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைந்து ஏழு நிறுவனங்கள் ஆயிற்று. அதில் ஒன்றான கவச வாகன நிறுவனத்தின் தலைமையிடம் ஆவடி. ஊரின் சம்பளப் பட்டியல் இனி யாருடையது என்ற கேள்வி எழுந்த நேரத்தில் 2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் திறந்தது. அதன் நிழல் விழுகிற தூரமெல்லாம் மனை விலை பேசுகிற தொனியே மாறிவிட்டது.

பூந்தமல்லி இவை இரண்டையும்விடப் பழைய ஊர். திருக்கச்சி நம்பி பிறந்த ஊர். பூவிருந்தவல்லி என்ற பழம்பெயரில் மல்லிகைத் தோட்டம் மணக்கிறது. கரையான்சாவடி, குமணன்சாவடி என்ற பெயர்களைப் பாருங்கள். பெருவழியில் நடந்து வந்தவர்கள் தங்கிப் போன சாவடிகள். இது வழி வளர்த்த ஊர், நெடுங்காலம் ரயில் இல்லாத ஊர். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை ஆவடி வழியாகப் போயிற்று, பூந்தமல்லியைத் தொடவில்லை. 1990-களில் இந்த ஊர்ப் பெயரை நாடு முழுக்கப் பத்திரிகைகளில் படித்தது ராஜீவ் காந்தி கொலை வழக்கை விசாரித்த தடா தனி நீதிமன்றத்தால்தான். 1998 ஜனவரி 28-ல் இங்கேதான் 26 பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். கோர்ட்டு, சிறை, லாரி நெரிசல் என்று இருந்த பெயர், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்து ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் தொழிற்பகுதி ஆனதும் மாறத் தொடங்கியது. வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வரை வெளிவட்டச் சாலை 2014-ல் திறந்தது. 2020-ல் மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதில் ஒரு தடம் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரை 26.1 கிலோமீட்டர். 2025 மார்ச்சில் முதல் சோதனை ஓட்டம் பூந்தமல்லியிலிருந்து முல்லைத் தோட்டம் என்ற நிலையம் வரை நடந்தது. 2022 ஆகஸ்டில் பரந்தூர் விமான நிலைய அறிவிப்பு வந்த பிறகு பூந்தமல்லிக்கு மேற்கே விற்கிற மனைகளுக்கெல்லாம் "ஏர்போர்ட் ரோடு" என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது. அந்த விமான நிலையம் வேண்டாம் என்று ஏகனாபுரத்து மக்கள் இரவுதோறும் கூடிப் போராடியது எந்த மனை விளம்பரத்திலும் இல்லை.

இனி விலையைப் பேசலாம். சதுர அடிக்கு இவ்வளவு என்று நான் எழுதினால் இதழ் அச்சாவதற்குள் அது பொய்யாகிவிடும். வித்தியாசத்தை எடைபோடும் முறையைச் சொல்கிறேன். ஒரே அளவு ஃப்ளாட் அம்பத்தூரில் ஒரு விலை, பட்டாபிராமில் அதைவிடப் பத்து லட்சம் குறைவு என்று வைத்துக்கொள்வோம். எட்டரை சதவீத வட்டியில் இருபது வருடத்துக்கு அந்தப் பத்து லட்சத்தின் மாதத் தவணை 8,678 ரூபாய். இருபது வருடத்தில் மொத்தம் 20 லட்சத்து 80 ஆயிரத்தைத் தாண்டும். தூரத்தில் வாங்கினால் அந்தப் பணம் மிச்சம். ஆனால் போக முக்கால் மணி, வர முக்கால் மணி கூடுதல் என்றால் மாதம் 25 நாளுக்கு முப்பத்தேழரை மணி நேரம் பாதையில் போகும். மணிக்கு 231 ரூபாய்க்குத் தன் நேரத்தை விற்கிறார் என்று பொருள். கணவன், மனைவி இருவரும் அதே தூரம் போனால் மணிக்கு 116 ரூபாய். குழந்தை பள்ளி விட்டு வந்து கதவருகே காத்திருக்கும் நேரத்தை இந்தக் கணக்கில் எந்த வரியில் எழுதுவது?

இங்கேதான் ரயில் கணக்கை மாற்றுகிறது. ஆவடி நிலையத்தில் காலை எட்டு மணிக்கு முன்னால் போய் நின்று பாருங்கள். திருவள்ளூரிலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் வரும் வண்டிகள் ஏற்கெனவே நிறைந்து வரும். ஆவடியிலேயே புறப்படும் லோக்கல் எது என்பதை வழக்கமான பயணிகள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அதில் உட்கார்ந்து போகலாம். பூக்கட்டுகிற பெண் மடியில் சரத்தை விரித்தால் பெரம்பூர் வருவதற்குள் நாலு முழம் முடித்துவிடுகிறார். சீசன் டிக்கெட்டின் மாதச் செலவு ஸ்கூட்டருக்கு ஒரு வாரம் போடும் பெட்ரோல்கூட ஆகாது. ஆகவே பாரிமுனைக்கோ சென்ட்ரல் பக்கமோ வேலைக்குப் போகிறவருக்கு, நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் உள்ள ஆவடி, அண்ணனூர் வீடு, நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோ ஏற வேண்டிய அம்பத்தூர் வீட்டைவிட அருகில் இருக்கிறது. நாங்கள் பார்த்த புரோக்கர்களில் ஒருவர்கூட வீட்டிலிருந்து நிலையத்துக்கு எத்தனை நிமிட நடை என்று தானாகச் சொல்லவில்லை. வராத மெட்ரோவைப் பற்றி எல்லாரும் சொன்னார்கள். கோயம்பேட்டிலிருந்து பட்டாபிராம் வரை ஏறக்குறைய 22 கிலோமீட்டருக்குத் திட்ட அறிக்கை 2025-ல்தான் தயாரானது. விலையில் அது அதற்கு முன்பே ஏறிவிட்டது. பாடியிலிருந்து திருநின்றவூர் வரை சி.டி.எச். ரோட்டை அகலப்படுத்தும் திட்டமோ நிலம் எடுப்பதிலேயே வருடக்கணக்கில் நின்றது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவருக்கு வாக்குறுதியின் விலை என்ன என்று விளங்கும்.

"ஏரியா எப்படி?" என்பது நம் ஊரில் வீடு தேடுகிறவர் கேட்கும் முதல் கேள்வி. "டீசண்டான ஏரியா சார்" என்பது முதல் பதில். அந்த டீசண்டுக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் மனம் கசக்கும். பக்கத்தில் குப்பம் இல்லை, ஹவுசிங் போர்டு இல்லை, இன்ன சாதிக்காரர்கள் இல்லை, இன்ன மதத்துக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவதில்லை என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். வாடகைக்கு வீடு கேட்டுப் பெயரைச் சொன்னதும் "ஏற்கெனவே அட்வான்ஸ் வாங்கிட்டோம்" என்ற பதிலைக் கேட்டவர்கள் இந்த ஊர்களில் ஏராளம். ஊரின் நற்பெயர் என்று நாம் கொண்டாடுவதில் ஒரு பங்கு, வெளியே நிறுத்தப்பட்டவர்களால் ஆனது. விலையில் அந்தப் பங்குக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறோம்.

யார் குடியிருந்தால் ஊருக்கு நற்பெயர் என்ற கணிப்பு எவ்வளவு தவறாகப் போகும் என்பதற்கு முகப்பேர் ஒரு பாடம். இன்று பெரிய பள்ளிகளுக்கும் அகலமான தெருக்களுக்கும் பேர்போன முகப்பேர், உலக வங்கிக் கடனில் குறைந்த வருமானக்காரர்களுக்காக மனை பிரித்து, தெருவும் குழாயும் கழிவுநீர்க் குழாயும் போட்டுக் கொடுத்த திட்டத்தில் வளர்ந்த ஊர். வீட்டை அவரவர் வசதிக்கு ஏற்பக் கட்டிக்கொள்ள வேண்டும். முதல் பல வருடங்கள் மனைகள் காலியாகக் கிடந்தன. ஆள் வரவில்லை, திட்டம் தோல்வி என்று அன்று இந்த வகைத் திட்டங்களையே கைவிட்டார்கள். ஓவன்ஸ், குல்யானி, ரிஸ்வி என்ற மூன்று ஆய்வாளர்கள் இருபது வருடம் கழித்துச் சென்னையிலும் மும்பையிலும் அந்த மனைத் திட்டங்களைத் திரும்பப் பார்த்து 2018-ல் எழுதினார்கள். தோல்வி என்று மூடிய இடங்கள் பல வருமானக்காரர்களும் கலந்து வாழும் உயிருள்ள ஊர்களாகியிருந்தன. சிறிய மனையும் பெரிய மனையும் ஒரே தெருத்தொகுதியில் இருந்ததும், முதலில் குழாய், பிறகு வீடு என்ற வரிசையும்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன். ஆவடிக்கு மேற்கேயும் பூந்தமல்லிக்கு மேற்கேயும் இன்று நடப்பது நேர் எதிர் வரிசை. முதலில் வீடு, பிறகு போர்வெல், பிறகு தண்ணீர் லாரி, பிறகு கழிவுநீர் லாரி, கடைசியில் மனு.

ஒரு தெருவைக் கிட்டே போய்ப் பார்ப்போம். கொரட்டூர் ஏரியிலிருந்து அதிக தூரம் இல்லை. ஏப்ரல் மாத வெயில். புது ஃப்ளாட், மூன்று அடி உயரத்தில் அடித்தளம், வழவழப்பான டைல்ஸ். எதிரே இருந்த பழைய வீட்டுக்குள் போக வேண்டுமானால் தெருவிலிருந்து இரண்டு படி கீழே இறங்க வேண்டும். கட்டியபோது அந்த வீடு தெருவைவிட உயரம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே மறுபடி மறுபடி சாலை போட்டதில் தெரு ஏறி, வீடு இறங்கிவிட்டது. காம்பவுண்டு சுவரில் இடுப்பளவில் ஒரு மங்கிய பழுப்புக் கோடு. வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் தங்கை கேட்டாள்.

"ஏம்மா, மழைக்கு இங்க தண்ணி நிக்குமா?"

"நிக்குமாவா? ரெண்டாயிரத்துப் பதினஞ்சுல இந்தக் கோடு வரைக்கும் வந்துச்சு கண்ணு. மிக்ஜாம் அப்போ கொஞ்சம் கம்மி, கட்டில் கால் வரைக்கும்."

"புரோக்கர் நிக்காதுன்னு சொன்னாரேம்மா."

"அவரு வெயில்ல வர்றவரு. மழையில யாரு அவரப் பாத்தா?"

அவர் எழுந்து உள்ளே அழைத்துப்போய் பீரோவைக் காட்டினார். நாலு காலுக்கும் கீழே இரண்டிரண்டு செங்கல். 2015-க்குப் பிறகு வைத்தது, எடுக்கவே இல்லை என்றார்.

அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்கு வரும். அது நிரம்பினால் இரட்டேரிக்குப் போகும். இதை வடிவமைத்தவர்களுக்கு நீரின் வழி தெரிந்திருந்தது. இடையில் நாம் வீடு கட்டினோம். தொழிற்பேட்டைக் கழிவும் வீட்டுச் சாக்கடையும் மழைநீர்க் கால்வாய் வழியே கொரட்டூர் ஏரிக்குள் கலப்பதை எதிர்த்து ஊர்க்காரர்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் எஸ்டேட்டே முழங்கால் தண்ணீரில் நின்றது.

வெள்ளத்திலும் பெயர் ஒரு பக்கம், மண் ஒரு பக்கம். "செம்பரம்பாக்கம் பக்கமா, ஐயோ வேண்டாம்" என்று பூந்தமல்லி வீட்டைத் தள்ளியவர்களை எனக்குத் தெரியும். 24 அடி உயரமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் உள்ள அந்த ஏரியின் உபரி நீர் தெற்கே திருமுடிவாக்கம் வழியாக அடையாற்றுக்குப் போகிறது. 2015-ல் அந்தத் தண்ணீர் பூந்தமல்லி நகரை மூழ்கடிக்கவில்லை. கோட்டூர்புரத்தையும் ஈக்காட்டுத்தாங்கலையும் மூழ்கடித்தது. அதே நாட்களில் அண்ணா நகரின் பெயரைப் பாதி கடன் வாங்கி விலை பேசிய நொளம்பூரில் கூவம் வீட்டுக்குள் புகுந்தது. பூந்தமல்லிக்கும் மழைத் தொல்லை உண்டு. டிரங்க் ரோட்டில் வடிகால் போதாமல் தண்ணீர் தேங்குவதை ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் பார்க்கலாம். ஆனால் அது உள்ளூர் வடிகாலின் குறை. ஏரிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளத் தெருவில் நடக்க வேண்டும்.

நடந்த பிறகு பத்திரம். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் மேற்கே உள்ள பழைய மனைப்பிரிவுகளில் கணிசமானவை "பஞ்சாயத்து அப்ரூவல்" என்ற பெயரில் விற்றவை. மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்கு இல்லை என்பது வாங்கியவர்களுக்குத் தெரியாது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தபோதுதான் பலர் தங்கள் பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று வைத்திருந்த மனை விற்க முடியாமல் நின்றது. 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைகளுக்குக் கட்டணம் கட்டி வரன்முறை பெறலாம் என்றார்கள். இன்று "ரெகுலரைஸ் ஆனது" என்று ஒருவர் சொன்னால் மனைக்குத் தனியாகவும் மனைப்பிரிவுக்குத் தனியாகவும் ஆணையைக் கேளுங்கள். ஆவடிக்கு வடக்கே போனால் செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி என்ற கட்டுப்பாடும் உண்டு. தாய்ப்பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா, ஃப்ளாட் என்றால் பிரிக்கப்படாத மனைப் பங்கு எத்தனை சதுர அடி என்பது: இவற்றைக் காட்டத் தயங்குகிறவரிடம் மேலே பேச்சு வேண்டாம். ஐம்பது லட்சத்துக்கு உட்பட்ட புது ஃப்ளாட்டுக்கு 2023 டிசம்பரிலிருந்து முத்திரைத்தாளும் பதிவும் சேர்த்து ஆறு சதவீதம், அதற்கு மேல் மூன்று கோடி வரை ஏழு சதவீதம். தவணைக் கணக்கில் இதையும் முதலிலேயே சேர்த்துவிட வேண்டும்.

வாடகைக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஊரின் பெயர் உயர்ந்தால் வீட்டுக்காரருக்குச் சொத்து ஏறுகிறது. குடியிருப்பவருக்கு வாடகை ஏறுகிறது. எஸ்டேட் பட்டறையில் வேலை பார்ப்பவர் மண்ணூர்பேட்டையிலிருந்து திருமுல்லைவாயிலுக்கும், அங்கிருந்து பட்டாபிராமுக்கும், அங்கிருந்து திருநின்றவூருக்கும் போகிறார். வேலை இடம் மாறவில்லை, வீடு மட்டும் மேற்கே நகர்கிறது. 2017-ல் இயற்றி 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் முன்பணத்தை மூன்று மாத வாடகையோடு நிறுத்தச் சொல்கிறது. நாங்கள் விசாரித்த இடங்களில் ஆறு மாதத்துக்குக் குறைவாகக் கேட்டவர் யாரும் இல்லை.

என் தீர்ப்பு இது. சென்ட்ரல் பக்கம் வேலை என்றால் ஆவடி, அண்ணனூர், நிலையத்துக்கு நடக்கிற தூரம். ஸ்ரீபெரும்புதூர், போரூர் பக்கம் வேலை என்றால் பூந்தமல்லி, ஆனால் மெட்ரோ விலையைக் கொடுக்கிறவர் நிலையத்திலிருந்து நடந்து பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும். இருவருக்கும் இரு திசையில் வேலை, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் என்றால் அம்பத்தூரின் கூடுதல் விலை நியாயம்தான், தெருவைப் பார்த்து வாங்கினால். என் தங்கை கடைசியில் அண்ணனூரில் வாங்கினாள். கார்த்திகை மாதம், மூன்று நாள் விடாத மழைக்கு மறுநாள் காலை போய்ப் பார்த்து, கீழ்த்தளத்தில் குடியிருந்தவரிடம் பேசிவிட்டு முன்பணம் கொடுத்தாள்.

பதிவுத் துறைக்கு ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டின் ஒவ்வொரு தெருவுக்கும் சர்வே எண்ணுக்கும் வழிகாட்டி மதிப்பை நீங்கள் இணையத்தில் போட்டிருக்கிறீர்கள். 2017 ஜூனில் அதை 33 சதவீதம் குறைத்ததும் 2023-ல் திரும்ப ஏற்றியதும் நாடறிந்தவை. அதாவது தெருவாரியாக ஓர் எண்ணைப் பராமரிக்கும் ஏற்பாடு உங்களிடம் இருக்கிறது. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று பத்திகளைச் சேருங்கள்: 2015-ல் அந்தத் தெருவில் நின்ற தண்ணீரின் உயரம், 2023-ல் நின்ற உயரம், பாதாள சாக்கடை இணைப்பு உண்டா இல்லையா. கொரட்டூரில் கீரை ஆய்ந்த அம்மாவுக்கு இந்த மூன்றும் தெரியும். சொத்தை வாங்க இருபது வருடக் கடன் எழுதிக் கொடுக்கிறவருக்கும் தெரிய வேண்டும்.